ஆட்டத்துக்கு முதுகைக் காட்டியவர்

பிப்ரவரி 8

சலவை அறையில் இன்றைக்கும் மலைபோல் விரிப்பு. தேய்த்துத் தேய்த்துத் தோள் கழன்றுவிட்டது. ஓட்டல் நிரம்பிவிட்டதாம், எல்லாம் கால்பந்து பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர்கள். மேற்பார்வைக்காரி சொல்கிறாள்: "உலகத்துல போய்ப் பாக்கவேண்டிய மைதானத்துல நம்மளதும் ஒண்ணாம்க்கா. ஆட்டத்துக்காக இல்லையாம், கூட்டம் பாடுற பாட்டுக்காக வர்றாங்களாம்."

அந்தப் பாட்டை எடுத்துக்கொடுத்த என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து இரண்டு மாதம். அவளுக்கும் தெரியும். வாய் சும்மா இருக்காது.

பிப்ரவரி 10

அலமாரிக் கதவின் உள்பக்கம் அவர் ஒட்டிய வெளிநாட்டு மைதானப் படங்களை உரிக்கப் பார்த்தேன். ஒன்றில் கோலுக்குப் பின்னால் சுவர் எழுப்பினமாதிரி மஞ்சள் சட்டைக்காரர்கள். ஒன்றில் ஜனம் குதித்தால் கட்டடமே ஆடுமாம். எல்லாவற்றுக்கும் ஒருநாள் கூட்டிப்போகிறேன் என்பார். பக்கத்துத் தெரு மைதானத்துக்கே கூட்டிப்போனதில்லை. நானும் கேட்டதில்லை, அது வேறு.

பசை விடவில்லை. பாதி கிழிந்ததுதான் மிச்சம்.

பிப்ரவரி 12

கொழுந்தன் வந்தான். மைதானத்தில் அண்ணன் நின்ற மேடையில் இனி அவன் நிற்கப்போகிறானாம்.

"அண்ணி, அந்த பேட்டரி மைக்கைக் குடுங்க. ஞாயித்துக்கிழமை ஆட்டம்."

"முடியாது."

"அண்ணன் இருந்தா குடுத்திருப்பாரு."

"அண்ணன் இருந்தா நீ எதுக்குடா கேக்கப்போற?"

தலையைச் சொறிந்துகொண்டே போனான். அந்த இடத்தில் இன்னொருத்தன் நின்று கத்திவிட்டால் அவர் போனது நிஜமாகிவிடும். இதை யாரிடம் சொல்ல?

பிப்ரவரி 13

கோபம் ஆறவில்லை. ஜனத்தைப் பாடவைக்கிறவர் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கவேண்டுமாம். இத்தனை வருஷம் போனவர் ஒரு கோலைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. அப்புறம் எதுக்குய்யா போன? தொண்டை கட்டிப்போய் வருவார். சோறு போடவா என்றால் கையை ஆட்டுவார். ஊருக்கெல்லாம் குரல், எனக்குச் சைகை.

பிப்ரவரி 16, ஞாயிறு

மைக்கைக் காணோம். மகள்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். "சித்தப்பா அழுதாரும்மா" என்கிறாள். நான் அழுதது யார் கண்ணிலும் படவில்லைபோல.

போய்ப் பிடுங்கிக்கொண்டு வருகிறேன்.

பிப்ரவரி 17

நேற்று மைதானத்திலிருந்து வந்தபின் எழுத முடியவில்லை.

வாசல் காவலாளி என்னைப் பார்த்ததும் டிக்கெட் கேட்காமலே விட்டார். கோலுக்குப் பின்னால், கம்பிமேல் கட்டிய சின்ன மேடையில் கொழுந்தன். நன்றாகத்தான் பாடவைத்துக்கொண்டிருந்தான். பந்து கோல் பக்கம் வந்ததும் ஜனம் 'ஆ' என்றது. இவனுக்குப் பொறுக்கவில்லை, திரும்பிப் பார்த்துவிட்டான். அவ்வளவுதான். இடப்பக்கத்துக்காரர்கள் ஒரு வரி, வலப்பக்கத்துக்காரர்கள் வேறு வரி. பாட்டு நூல்கண்டுபோல் சிக்கிக்கொண்டது.

எனக்கு வந்ததே ஆத்திரம்! ஏறிப்போய் மைக்கைப் பிடுங்கினேன். வீட்டுக்குக் கொண்டுபோகத்தான்.

திரும்பினால் — முகம். எத்தனை முகம்! பல் போன கிழவர், தோளில் குழந்தையோடு ஒருத்தி, வாயைத் திறந்தபடி எங்கள் கறிக்கடைக்காரர். எல்லாம் என்னையே பார்க்கிறது. என்ன செய்ய என்று கேட்கிறமாதிரி.

இதைத்தானா பார்த்துக்கொண்டு நின்றாய்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

"அண்ணி, குடுங்க. இல்லன்னா நீங்களாவது ஏதாச்சும் சொல்லுங்க!"

எனக்கு ஒரு பாட்டும் முழுசாகத் தெரியாது. "எல்லாரும் முதல்லேர்ந்து!" என்று கத்தினேன்.

பாடினார்கள்.

பிப்ரவரி 20

மேடையை என்னிடம் விட்டுவிட்டுக் கொழுந்தன் இனிமேல் கீழே நின்று முரசு அடிக்கிறானாம். ஆட்டத்தைப் பார்த்தபடியே அடிக்கலாம் என்று அவனுக்கு வாயெல்லாம் பல். மகள் எனக்குப் பாட்டு சொல்லித்தருகிறாள், வாத்தியாரம்மா தோற்றாள். இன்னும் அவளோடு முழுசாகப் பேசவில்லை. பாட்டுமட்டும்தான்.

பிப்ரவரி 26

ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரமாட்டேன் என்று மேற்பார்வைக்காரியிடம் சொன்னேன்.

"ஏன்க்கா?"

"ஆட்டம் இருக்கு."

"யாருக்கும் யாருக்கும்?"

தெரியாது என்றேன்.