காலிக் கட்டம்

மச்சான்,

இன்று மதியம் மேஜை இழுப்பறையைக் குடைந்தபோது நம் விதித்தாள் கையில் சிக்கியது. மூலையில் உன் கட்டைவிரல் பதிந்த கூலண்ட் எண்ணெய்க் கறை அப்படியே இருக்கிறது. முகர்ந்து பார்த்தேன், வாடை போய்விட்டது. நாளை பெங்களூரிலிருந்து ஒரு பெரிய கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். நம் புரோகிராம் பிளாட்பாரத்தின் விதிகளை அவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டுமாம், கொடுத்தபிறகு அதற்குத் தலைமை நானாம். அதனால்தான் இந்தத் தாளைத் தேடினேன்.

பிளாட்பாரம் என்ற அந்தப் பெயரை வைத்தே நீ என்னைப் படுத்திய பாடு கொஞ்சமா? ஓசூரில் ஆறு பட்டறைகள். உதிரிபாகங்களை அளக்க ஒவ்வொன்றிலும் ஒரு புரோகிராம். ஒன்றின் கணக்கு இன்னொன்றுக்குப் புரியாது. ஆறும் ஒரே முறையில் பேசுவதற்கான அடித்தளத்தை நான் எழுதினேன். எழுதியவன் நான், விதியை மாற்றும் உரிமையும் எனக்குத்தான் என்றேன். ஒரு பட்டறையில் தரப் பரிசோதகனாக இருந்த நீ, டீக்கடையில் வடையைப் பிட்டுக்கொண்டே கேட்டாய்: "பிளாட்பாரம்னா எல்லாரும் நடக்கறதுக்குடா. அதுல நீ மட்டும் கடை போட்டுக் குந்திக்கினா எப்படி?" பக்கத்திலிருந்த கன்னடக்காரர்கூடச் சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது.

அடுத்த மாதமே அந்தக் காரியத்தைச் செய்தேன். அளந்த பாகத்துக்குத் திரையில் அதன் கட்டத்தில் 'சரி' அல்லது 'தப்பு' என்று விழும். அளக்கும் ஊசி பாகத்தைத் தொடாமல் போனால் கட்டம் காலியாக இருக்கும். காலி என்றால் அளக்கவில்லை, பெட்டியில் போடக் கூடாது. காலி வரும்போதெல்லாம் லைன் நின்றுபோகிறது என்று பெரிய பட்டறைக்காரர் புலம்பினார். யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், காலியையும் 'சரி' என்று ஆக்கிவிட்டேன்.

பத்தே நாளில், உன் பட்டறையிலிருந்து போன பெட்டி திரும்பி வந்தது. பாதிப் பாகங்கள் அளக்கப்படவே இல்லை. நீ கணினியைத் தோண்டிக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டு நேரே என்னிடம் வந்தாய். "மௌனம் சம்மதம்னு ஒரு எண்ணத்துல..." என்று இழுத்தேன்.

"அது பொண்ணு பாக்கப் போற எடத்துல சொல்றதுடா. இரும்புக்கு ஏது வெக்கம்?" என்றாய்.

பெட்டிச் சீட்டில் இருந்தது உன் கையெழுத்து. முதலாளியிடம் என் பெயரைச் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாய். நீ வாயைத் திறக்கவில்லை. வேலை போயிற்று. போவதற்கு முன் ஆறு பட்டறைக்காரர்களையும் கூட்டிவைத்து இந்தத் தாளை எழுதவைத்தாய். விதியில் ஓர் எழுத்து மாறினாலும் ஆறு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். கீழே ஏழாவதாக ஒரு கட்டம் போடச் சொன்னாய். "தப்பானா அடி வாங்கறவனுக்கும் ஒண்ணு வேணும் இல்ல?" என்று கேட்டு, முதல் ஆளாக அதில் நீயே கையெழுத்துப் போட்டாய்.

பிறகு கிருஷ்ணகிரியில் மாம்பழக் கூழ் ஆலையில் சேர்ந்தாய். பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோதெல்லாம் சிரித்தாய். ஒருமுறை ஒரு டின் கூழைக் கையில் திணித்து, "பிள்ளைங்களுக்குக் குடு" என்றாய். பழைய பேச்சை நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மன்னித்துவிட்டாய் என்று நானாக நினைத்துக்கொண்டேன். நெஞ்சுவலி வந்து நீ போன அன்று உன் ஊர் மத்தூருக்கு வந்து மாலை போட்டேன். அழுதேன். அப்போதும் உன் வீட்டாரிடம் உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை.

இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. நீ என்னை மன்னித்தாயா என்று நான் உன்னைக் கேட்டதே இல்லை. அந்தக் கட்டம் காலியாக இருந்தது, நான் 'சரி' என்று போட்டுக்கொண்டேன். அதே தப்பு.

நாளை ஆறு பேரையும் வரச் சொல்லியிருக்கிறேன். விதிகளைத் தூக்கிக் கொடுக்க அவை என் சொத்து இல்லை என்று பெங்களூர்க்காரர்களிடம் சொல்வேன். அதற்கு முன்னால், அந்தப் பெட்டி யாரால் திரும்பி வந்தது என்பதை ஆறு பேர் முன்னால் சொல்வேன். சாயங்காலம் மத்தூருக்கும் போவேன்.

நாளைக்காக எழுதிவைத்த புதுத் தாளில், உன் இடமான ஏழாவது கட்டம் இப்போதைக்குக் காலிதான். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், மச்சான்.