பிரேக் நன்றாகத்தான் இருந்தது

செஞ்சி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சுவாதிக்கு நைனா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, உன் தம்பி ஆதவன் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். முறைப்படி எழுத வேண்டியதை எழுதிவிட்டேன். இனி எழுதப்போவதெல்லாம் கோபத்தில் எழுதுவது, உட்கார்ந்து நிதானமாகப் படி. போனில் பேசியிருக்கலாம், ஆனால் போனில் நீ சிரிப்பாய், சிரித்தால் என்னால் பேச முடியாது.

அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. ஆதவன் கடைக்கு இப்போது வியாபாரம் கொஞ்சம் கூடியிருக்கிறது, கோட்டை பார்க்க வருகிற கூட்டம் சார்ஜர் ஒயர் கேட்டு அவன் கடைக்குத்தான் வருகிறது. நீ போன மாதம் அவனுக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜை அவன் சாப்பிடும்போது ஸ்பீக்கரில் போட்டான். எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது. "டேய், கேப்டனும் தூங்கிட்டாரு, நானும் தூங்கிட்டேன், கீழேருந்து கூப்டுக்கினே இருக்காங்க, அஞ்சு நிமிஷம் பதிலே இல்ல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாயே, அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. விமானத்தில் உன் பின்னால் நூற்றெழுபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஊருக்குத் திரும்புகிற கட்டட வேலைக்காரர்கள், கைக்குழந்தைக்காரிகள், நீ முன்னால் தூங்குகிறாய். ஆதவனும் சிரித்தான், அவனையும் திட்டினேன். மறுநாள் உனக்குப் போன் போட்டுக் கேட்டேன். "எல்லாரும் தூங்கறதுதான் நைனா, ரோஸ்டர் அப்படி, ரெண்டு நாள்ல மூணு மணி நேரம்தான் படுத்தேன், வண்டி தானா போவுது, நீங்க இத பெருசு பண்ணாதீங்க" என்றாய். ரிப்போர்ட் எழுதினாயா என்றேன். அசதி என்று எழுதிக் கொடுத்தால் அடுத்த காண்ட்ராக்ட் கிடையாது, உன்னை மாதிரி வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைத்தான் முதலில் ஊருக்கு அனுப்புவார்கள், கேப்டனும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றாய். கீழே கண்ட்ரோலில் இருந்து கூப்பிட்டவர்களிடம் ரேடியோவில் ஏதோ கோளாறு என்று அவர் சொன்னதற்கு நீயும் தலையாட்டினாய். அந்த இடத்தில்தான் எனக்கு நெஞ்சு எரிந்தது. போனை வைத்துவிட்டேன். கட் ஆகிவிட்டது என்று நீ நினைத்திருப்பாய், நான்தான் வைத்தேன்.

நான் உன்னைத் திட்டுவதற்கு யோக்கியதை இல்லாதவன், அதையும் இதில் எழுதியாக வேண்டும். நீ ஒன்றாவது படிக்கும்போது நான் ஓட்டிய பஸ் வளத்தி தாண்டி ஏரிக்கரை வளைவில் உருண்டது உனக்கு ஞாபகம் இருக்கும், நான் நெற்றியில் கட்டோடு வந்ததைப் பார்த்து நீ கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டாய். பிரேக் பிடிக்கவில்லை என்றுதான் உனக்கும் அம்மாவுக்கும் ஊருக்கும் சொன்னேன். சுவாதி, பிரேக் நன்றாகத்தான் இருந்தது. நான் தூங்கிவிட்டேன். மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டம், முதல் நாள் காலை ஏறினவன் இறங்கவே இல்லை, மாற்று டிரைவர் வரவில்லை, முதலாளி இன்னும் ஒரு ட்ரிப் இன்னும் ஒரு ட்ரிப் என்றார், முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விடிகிற நேரம், ஜன்னலில் குளிர்ந்த காற்று, அவ்வளவுதான் தெரியும். கண் திறந்தபோது பஸ் ஏரிக்குள் சாய்ந்து கிடக்கிறது, உள்ளே ஜனங்கள் அலறுகிறார்கள். பதினோரு பேருக்குக் காயம், உயிர் போகவில்லை. தளவானூர்க்கார அம்மா ஒருத்திக்கு இடுப்பு எலும்பு முறிந்தது, அந்த அம்மா பிறகு நேராக நடக்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்கு வந்த முதலாளி என் காதோரம் குனிந்து, "பிரேக் புடிக்கலன்னு சொல்லிடு தேவேந்திரா, லைசென்ஸ் பொழச்சிக்கும்" என்றார். போலீஸ் கேட்டபோது அப்படியே சொன்னேன். கவிழ்ந்த வேகத்தில் அடியில் பிரேக் குழாயெல்லாம் அறுந்து தொங்கியது, பார்க்க வந்தவர்களுக்கும் அதுவே போதுமானதாக இருந்தது.

வண்டியை முதல் நாள் பார்த்து அனுப்பிய மெக்கானிக் கோதண்டராமன். சரியாகப் பார்க்காமல் அனுப்பினான் என்று அவனை அன்றே நிறுத்திவிட்டார்கள். வேறு எந்த பஸ் முதலாளியும் அவனைச் சேர்க்கவில்லை. அவலூர்பேட்டையில் பஞ்சர் ஒட்டிப் பிழைத்தான். நான் அதே லைசென்ஸில் இன்னும் பதினேழு வருஷம் ஓட்டினேன், நீ படித்தாய், ஸ்காலர்ஷிப் வாங்கினாய், பைலட் ஆனாய். பள்ளிக்கூடத்தில் உன்னைக் கூப்பிட்டு மாலை போட்டார்களே, மேடையில் மைக்கைப் பிடித்து, எங்கள் நைனா ஒருநாள்கூட ஸ்டீயரிங்கில் கண் அசந்ததில்லை, அவரைப் பார்த்துத்தான் நான் பொறுப்பைக் கற்றேன் என்றாய். முதல் வரிசையில் உட்கார்ந்து நானும் கை தட்டினேன். அன்றைக்காவது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. நீ ரேடியோ கோளாறு என்று தலையாட்டியதைக் கேட்ட பிறகுதான் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த ரேடியோவைப் பார்க்கிற ஆள் ஒருவன் அங்கேயும் இருப்பான் அல்லவா? அவன் பெயராவது உனக்குத் தெரியுமா?

போன வியாழக்கிழமை பஸ் ஏறி அவலூர்பேட்டைக்குப் போனேன். சந்தைக்குப் பக்கத்தில் அவன் கடை, தலை முழுக்க நரைத்துவிட்டது, ஒரு மொபெட் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது, உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். முழுவதும் கேட்டான். "எனக்கு அப்பவே தெரியும். வளைவுல ஸ்டீயரிங் ஒடிச்ச தடமே இல்ல, மண்ணுல டயரு நேரா ஏரிக்குப் போயிருந்துச்சி, முழிச்சினு இருந்தவன் ஒடிச்சிருப்பான்ல. தடமில்லையேன்னு மொதலாளிகிட்ட போயி கத்தினேன், எவன் கேட்டான்?" என்றான். நான் தலையைக் குனிந்தேன். பிறகுதான் அவனுக்குக் கோபம் வந்தது. கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே போட்டான். "எம் பொண்டாட்டி போயி நாலு வருஷம் ஆவுது. சாவற வரைக்கும் நான் சரியா பாக்காம உட்ட வண்டின்னுதான் நெனச்சா. பதினோரு பேர் ரத்தம் நம்ம மேல கீதுன்னு ஒவ்வொரு அமாவாசைக்கும் போயி அங்காளம்மாகிட்ட வெளக்கேத்தினு வந்தா. இப்ப வந்து சொல்றியே, அவகிட்ட யார் போயி சொல்றது?" என்றான். நான் குனிந்து அந்த ஸ்பேனரை எடுத்து ஸ்டூலில் வைத்தேன் சுவாதி. "எழுதிக் குடு, கையெழுத்து போட்டுக் குடு" என்றான். பக்கத்துக் கடையில் ஒரு தாள் வாங்கி, அங்கேயே ஸ்டூலில் வைத்து எழுதினேன், நான் தூங்கிவிட்டேன், பிரேக் நன்றாக இருந்தது, கோதண்டராமன் வேலையில் ஒரு குறையும் இல்லை என்று. அவன் இரண்டு தடவை படித்தான், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "செஞ்சி பஸ் பதினொன்ற மணிக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கத் திரும்பினான். மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை, கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

அன்று சாயங்காலம் உன் அம்மாவிடம் சொன்னேன். மூன்று நாளாக என்னோடு பேசவில்லை, சாப்பாட்டுத் தட்டு மட்டும் டொக்கென்று வந்து விழுகிறது. உன் சேதியையும் ஆதவன் அவளுக்குச் சொல்லிவிட்டான். அதற்கு அவனிடம், "இவ யார மாதிரின்னு இத்தினி நாளா தெரியல, இப்ப தெரிஞ்சிபோச்சி" என்றாளாம். எனக்கு அது உறைத்தது, உனக்கும் உறைக்கட்டும்.

உன் கம்பெனிமீதும் எனக்குக் கோபம்தான், ரெண்டு நாளில் மூன்று மணி நேரம் படுத்த பெண்ணை வண்டியில் ஏற்றினவன் யாரோ அவன் நன்றாக இருக்க மாட்டான். அந்த கேப்டன்மீதும் கோபம். ஆனால் அவர்களுக்கு நான் கடிதம் எழுத முடியாது, உனக்குத்தான் எழுத முடியும். எத்தனை மணிக்கு ஏறினாய், எத்தனை மணி நேரம் தூங்கினாய், எப்போது கண் மூடியது, எல்லாவற்றையும் உன் பெயர் போட்டு எழுதிக் கொடு. ரேடியோவுக்கு ஒன்றுமில்லை என்பதையும் எழுது. காண்ட்ராக்ட் போனால் போகட்டும், விசா போனால் போகட்டும், மூட்டையைக் கட்டிக்கொண்டு வா, செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நான் வந்து நிற்கிறேன். பைலட்டு வேலை போய்விட்டதா என்று கேட்பவனுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், எனக்கு இப்போது ஊரில் மறைக்க ஒன்றும் இல்லை. எழுதாமல் மறுபடியும் ஏறினாய் என்று தெரிந்தால் உன்னை என்ன சொல்லித் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை, தெரிய வைத்துவிடாதே.

அங்காளம்மன் உன்னையும் உன் பின்னால் உட்கார்கிறவர்களையும் பத்திரமாக இறக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, காபியைக் குடித்துக் குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டுப் போன் பண்ணு, எந்த நேரமானாலும் எடுப்பேன். இந்தக் கடிதம் கைக்கு வரும்போது டூட்டி முடிந்து வந்திருந்தால், ரிப்போர்ட்டைக்கூட நாளைக்கு எழுதிக்கொள்ளலாம். முதலில் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கு கண்ணு.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் நைனா,
தேவேந்திரன்