இருமப் பயந்த வருடங்கள்

மதினி, செல்லூர்த் தெருமுனையில் உங்கள் கண்ணீர் அஞ்சலி போஸ்டரின் பசை இன்னும் காயவில்லை. 'பொறுமையின் சிகரமே' என்று அச்சடித்திருக்கிறான் அண்ணன். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறுப்பதைத் தவிர வேறு எதையாவது இந்த வீடு உங்களுக்கு விட்டுவைத்ததா?

எழுமலையிலிருந்து வாக்கப்பட்டு வந்த புதிதில், நீங்கள் சிரித்தால் நம் வீட்டுத் தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்கும். எழுபதுகளின் கடைசியில், இரண்டாவது பிள்ளையை ஆயுதம் போட்டு எடுத்தார்கள். அதற்குப் பிறகு இருமினால், தும்மினால், குடம் தூக்கினால் சிறுநீர் கசிந்தது. சிரித்தாலும்தான். சிரிப்பதை நிறுத்தினீர்கள். அப்புறம், சித்திரை வெயிலிலும் தண்ணீர் குடிக்கப் பயந்தீர்கள்.

என் நிச்சயதார்த்தத்தன்று, உறவெல்லாம் கூடியிருக்க, அம்மா சத்தமாகவே சொன்னாள்: "அவ அடுப்படியிலயே கெடக்கட்டும். ஜமக்காளத்த நாறடிச்சிருவா."

அண்ணன் பக்கத்தில்தான் நின்றான். வெற்றிலைத் தட்டை அடுத்தவருக்கு நீட்டினான்.

டாக்டரிடம் உங்களோடு நான்தான் வந்தேன். அவர் உங்களைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "பிள்ளை பெத்தா அப்படித்தாம்மா. இதுக்கெல்லாமா ஆஸ்பத்திரிக்கு வர்றது?" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சில வருடங்கள் கழித்து அம்மா வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். மிஷன் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தது நீங்கள். அம்மாவை நடக்க வைக்க வந்த பிசியோதெரபிஸ்ட் ஒரு பெண். நீங்கள் இருமும்போது காலைப் பின்னிக்கொள்வதைப் பார்த்துவிட்டு, தனியே அழைத்துப்போய் விசாரித்தார். சோதித்துப் பார்த்து, பிரசவத்தில் அடியில் தாங்குகிற தசை தளர்ந்துவிட்டது, பயிற்சியால் தேற்றலாம் என்றார். சிறுநீரை அடக்குவதுபோல அந்தத் தசையை உள்ளே இழுத்துப் பிடித்து, மெல்ல விடக் கற்றுக்கொடுத்தார். தறியில் உட்கார்ந்தபடியே விடாமல் செய்தீர்கள். மாதங்கள் போகப்போகக் கசிவு நின்றது.

நான் சந்தோஷப்பட்டேன். நீங்கள் கொதித்தீர்கள்.

"இம்புட்டுத்தானா? இத ஒருத்தரும் சொல்லாமயா என்னைய இத்தன வருசம் மூலையில ஒக்கார வச்சீக?"

என்னையும் இழுத்துக்கொண்டு அதே டாக்டரிடம் போனீர்கள். "பிள்ளை பெத்தா அப்படித்தான்னீகளே சார், இப்ப பாருங்க" என்று அவர் முன்னால் நின்று, அடிவயிறு குலுங்க இருமிக் காட்டினீர்கள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"வெளிய போம்மா!"

வந்தீர்கள். வராந்தா பெஞ்சில் காத்திருந்த பெண்களைப் பார்த்துத்தான் நின்றீர்கள். "இருமினா ஒண்ணுக்கு வருதுன்னா வெக்கப்படாதீக. அதுக்கு வைத்தியம் இருக்கு. இவரு சொல்ல மாட்டாரு!"

ஒருத்தரும் நிமிரவில்லை. படியிறங்கும்போதுதான் கைக்குழந்தைக்காரி ஒருத்தி பின்னாலேயே ஓடி வந்து, "எந்த ஆஸ்பத்திரி, அக்கா?" என்று முணுமுணுத்தாள். தெருவே திரும்பிப் பார்க்கிற குரலில் அவளுக்கு வழி சொன்னீர்கள்.

இப்போதும், உங்கள் கதை தெரிந்த பெண்கள் இதை என்னிடம் காதோடு காதாகத்தான் கேட்கிறார்கள். நான் சத்தமாகவே பதில் சொல்கிறேன், மதினி.