அண்ணரின்ரை கறுப்பு மஸ்டாங்

ரூஜ், ரொறன்ரோ

அன்புள்ள நிரோஜினி,

நான் நல்ல சுகம். உம்மடை முதுகு நோ குறைஞ்சுதோ? பிள்ளைக்கு இருமல் நிண்டுட்டுதோ?

அண்ணர் புதுக் காருக்குக் கோயிலிலை பூசை செய்த படத்திலை நான் ஏன் இல்லை எண்டு கேட்டிருந்தீர். படம் எடுத்ததே நான்தானே. உம்மடை அண்ணர் வாங்கின மஸ்டாங் லிமிற்றட் எடிசனாம், மினுக்கமே இல்லாத கறுப்பு. அந்தக் கலரிலை கனடாவுக்குக் கொஞ்சக் கார்தான் வந்ததாம். காலமையும் பின்னேரமும் இதைத்தான் சொல்லுறார். நான் பஸ்ஸுக்கு நிக்கேக்கை அவர் வாற சத்தம் ரெண்டு தெருவுக்கு அங்காலையே கேட்கும்.

பூசையிலை ஐயர் காரின்ரை முன்பக்கப் பொனற்றிலை சந்தனத்தை அப்பி, குங்குமமும் வைச்சிட்டார். அந்தப் பெயின்ரிலை கறை பிடிச்சால் லேசிலை போகாதாம், பொலிஷும் போடக்கூடாதாம். அண்ணரின்ரை முகம் சுருங்கிப்போச்சு. எனக்கு உள்ளுக்கை ஒரு சின்னச் சந்தோசம், உமக்கு மட்டும் சொல்லுறன். ஆனா ஞாயிறு முழுக்கக் குந்தியிருந்து, ஈரத்துணியாலை ஒத்தி ஒத்தி அதை எடுத்ததும் நான்தான். எடுத்து முடிய, "காரை ஒருக்காத் தெருமுனை மட்டும் ஓடிப் பாக்கட்டோ?" எண்டு கேட்டன். "இன்சூரன்ஸிலை உம்மடை பேர் இல்லை, மச்சான்" எண்டு சொல்லிக் கார்த் திறப்பைப் பொக்கற்றுக்குள்ளை வைச்சிட்டார்.

எனக்குக் கோவம் ஒண்டும் இல்லை.

வேலைக்கு நேரமாச்சு. மிளகாய்த்தூள் முடியுது. அண்ணர் நல்லூர்த் திருவிழாவுக்கு வாறார், அவரிட்டைக் குடுத்துவிடும். எனக்கு இன்னும் அகதிக் கேஸ் முடியேல்லை, நான் வர ஏலாது. அங்கை வந்தால், வீட்டிலை நிக்கிற என்ரை மோட்டச்சைக்கிளை ஓடக் கேட்பார்.

திறப்புத் துலைஞ்சுபோச்சு எண்டு சொல்லும்.

உம்மடை,
வாகீசன்