ஆளில்லாத ஊரில் சுற்றிய காற்றாடி

சண்டிலிப்பாய்,
ஆவணி 1995.

அன்புள்ள தம்பி கனிசியசுக்கு,

மண்டபம் அகதி முகாமில் நீ சுகமாயிருக்க, கீரிமலைக்குப் போக வழியில்லாதபடியால் வீட்டிலிருந்தே நகுலேஸ்வரரையும், உனக்காக உன்னுடைய மாதாவையும் வேண்டிக்கொண்டு ஆழ்வாப்பிள்ளை அண்ணை எழுதுவது. நானும் குணலட்சுமியும் உயிரோடு இருக்கிறோம். இதை வள்ளத்தில் கடல் தாண்டி வரும் ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன். நின்றபடி வாசிக்காதே. ஓரிடத்தில் இருந்து, ஆறுதலாக வாசி.

ஆடியில் ஆமிப்படை இந்தப் பக்கம் வந்ததைக் கேள்விப்பட்டிருப்பாய். விடிய ஷெல் விழத் தொடங்கியது. உடுத்த உடுப்போடு ஊர்ச்சனம் முழுக்க ஓடினோம். நாங்கள் புத்தூரில் குணலட்சுமியின் அக்கா வீட்டுக்குப் போனோம். புறப்படுமுன் நான் தோட்டத்துக்கு ஓடிப்போய், தண்ணீர் இறைக்கும் நம் காற்றாடியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி நிறுத்தினேன். பார்க்க ஆளில்லாமல் சுழன்றால் சோளகக் காற்று அதைப் பிய்த்தெறிந்துவிடும் என்று நீதானே சொல்லித் தந்தாய்.

குணலட்சுமி வீட்டுக்கு முன் ஒழுங்கையில் நின்று கத்தினாள். ஆனாலும் அதை அப்படியே விட்டுப்போக எனக்கு மனம் வரவில்லை. மண்ணெண்ணெய் இல்லாமல் ஊரிலுள்ள இறைப்பு மிசின்கள் எல்லாம் துருவேறிக் கிடக்கின்றன. நீ பனங்குற்றி நட்டு, பழைய வான் வண்டியின் அச்சில் உன் வள்ளத்துப் பாயைக் கட்டிச் சுழலவிட்ட நாள் முதல் எங்கள் கிணற்றடியைச் சுற்றியுள்ள குடும்பங்களெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் பயிர் செய்கின்றன. அதில் நீ பூட்டிய டைனமோவால் பற்றறி ஏற்றி, அந்த வெளிச்சத்தில்தான் மருத்துவிச்சி நாகேஸ்வரி பிள்ளைப்பேறு பார்க்கிறாள். "முந்தி ஒரு கையிலை குப்பி விளக்கு, மற்றக் கையிலை பிள்ளை. இப்பதான் ரண்டு கையும் என்ரை" என்று போகிற இடமெல்லாம் சொல்லுவாள்.

கொஞ்ச நாளில் ஆமி பின்வாங்கிப் போய்விட்டதாகக் கதை வந்தது. மிதிவெடிக்குப் பயந்து ஒருவரும் அசையவில்லை. நான்தான் முதலில் சைக்கிளில் வந்தேன். நல்ல மத்தியான வெயில். வீடுகளெல்லாம் திறந்தபடி கிடந்தன. ஒரு நாய் குரைக்கவில்லை, ஒரு காகம் இல்லை. பிள்ளையார் கோயில் மணியின் கயிறு மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. என் சைக்கிள் சங்கிலியின் சத்தமே எனக்குப் பெரிதாகக் கேட்டது. சைக்கிளை விட்டிறங்கி நின்றேன். அப்போதுதான் தோட்டத்துப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது. கிறீச்... கிறீச்...

தம்பி, நான் கட்டிவிட்டுப் போன காற்றாடி.

கயிறு அறுந்திருக்கவில்லை. அவிழ்த்து, அழகாகச் சுருட்டி, கிணற்றுக் கட்டில் வைக்கப்பட்டிருந்தது. கருகிச் செத்திருக்க வேண்டிய மிளகாய்க் கன்றுகள் சிவக்கச் சிவக்கக் காய்த்து நின்றன. காற்றாடி தண்ணீரை இறைக்கும், சரி. பாத்திக்குப் பாத்தி வாய்க்காலை வெட்டித் தண்ணீர் மாறுவதற்கு ஆள் வேண்டாமா? ஒவ்வொரு பாத்தியும் அளவாக நனைந்திருந்தது. கடைசியாக நிறைந்த பாத்தியின் வாயை ஈரமண் வைத்து மூடியிருந்தது. அந்த மண்ணில் ஒரு உள்ளங்கை அடையாளம். தண்ணீர் இன்னும் அதைக் கரைக்கவில்லை.

"ஆரது?" என்று கேட்டேன்.

கத்தரிப் பாத்திக்கு அப்பால் குனிந்திருந்த ஒரு பெண் நிமிர்ந்தாள். கையில் மண்வெட்டி. தலைமயிரில் பாதி வெள்ளை.

"ஆழ்வாப்பிள்ளை அண்ணை, எல்லாரும் எங்கை போட்டினம்? ஒருத்தரும் தண்ணி மாற வரேல்லை" என்றாள்.

அது உன் அருமைநாயகி.

இரண்டு வருடத்துக்கு முன் கிளாலிக் கடலில் படகோடு போய்விட்டாள் என்று உன் மனைவிக்கு முப்பத்தோராம் நாள் பூசை வைத்தபோது உன் பக்கத்தில் நின்றவன் நான். முதலில் அவளுடைய கால்களைத்தான் பார்த்தேன். சேற்றில் புதைந்திருந்தன. அப்படியிருந்தும் கிட்டப் போக எனக்குத் துணிவு வரவில்லை. தகரப் பேணியில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கினேன், குடிக்கவில்லை.

அவள் துண்டு துண்டாகச் சொன்னதையும், பிறகு ஒரு கன்னியர் மடத்திலிருந்து வந்த செய்தியையும் சேர்த்துச் சொல்கிறேன். படகில் துப்பாக்கிச் சூடு விழுந்தபோது தலையில் காயம். அக்கரையில் ஒதுங்கியவளைக் கடற்றொழிலுக்குப் போனவர்கள் தூக்கி மடத்தில் சேர்த்திருக்கிறார்கள். நெடுங்காலம் பேச்சில்லை, பேர் தெரியாது. இந்த வருடம் கொஞ்சம் தெளிந்ததும் ஒருவருக்கும் சொல்லாமல் புறப்பட்டுவிட்டாள். நாங்கள் ஓடிய அன்று, எதிர்த்திசையில் தனியாக நடந்து ஊருக்குள் வந்திருக்கிறாள்.

அவளுக்கு இடையில் போன காலம் தெரியாது. தாயைப் பார்த்துவிட்டு முந்தநாள் திரும்பியதாகவே கதைக்கிறாள். நரையைத் தொட்டுக் காட்டினால், "மா பட்டிட்டுது" என்று தட்டிவிடுகிறாள்.

ஷெல்லுக்குப் பயப்படவில்லையா என்று கேட்டேன். "அவர் மேலை நிண்டு அச்சுக்கு எண்ணெய் விடுறார். நான் எப்பிடி விட்டிட்டு ஓடுறது?" என்றாள். அண்ணாந்து பார்த்தேன். மேலே ஒருவரும் இல்லை. பிறகு ஏணியில் ஏறி அச்சைத் தொட்டேன். விரலில் புது எண்ணெய் ஒட்டியது. அந்தச் சூட்டுக்குப் பிறகு அவளுடைய இடது கை தோளுக்கு மேல் எழும்பாது, தம்பி. அந்த ஏணியில் அவளால் ஏற முடியாது. குணலட்சுமிக்குக்கூட இதை நான் சொல்லவில்லை.

சனங்கள் வெறுங்கையோடு திரும்பி வந்தபோது மற்றக் கிணறுகளில் குப்பையும் செத்த ஆடும் கிடந்தன. எங்கள் கிணற்றில் நல்ல தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் காப்பாற்றிய கத்தரிக்காயையும் மிளகாயையும்தான் எல்லா வீட்டிலும் சமைத்தோம். சாப்பிட்டவர்களே பொழுதுபட்டால் அவள் பேரைச் சொல்லப் பயப்பட்டார்கள். நாகேஸ்வரிதான் வந்து, நாடி பிடித்து, "இது உசிருள்ள மனுசி" என்று சொல்லித் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். இரவில் அங்கே படுக்கிறாள். விடிந்தால் காற்றாடிக்குக் கீழே நிற்கிறாள்.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன். முகாமில் றோஸ் என்ற கைம்பெண்ணைக் கைப்பிடிக்கப் போவதாகப் பங்குனியில் எழுதியிருந்தாய். வாசித்து நானும் குணலட்சுமியும் சந்தோசப்பட்டோம். இந்நேரம் கலியாணம் முடிந்ததோ தெரியாது. அருமைநாயகியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ கடலுக்குப் போயிருக்கிறாய் என்று ஒருநாள் சொன்னேன். சிரித்துவிட்டு மேலே கையைக் காட்டினாள்.

சோளகம் விழுகிற காலம் வருகிறது. காற்றுப் படுத்து, காற்றாடி நிற்கிற அன்று அவள் என் முகத்தைப் பார்த்து, "அவர் எங்கை?" என்று கேட்பாள்.

வர முடிந்தால் வா. முடியாவிட்டால், எனக்கு எழுதாதே தம்பி, அவளுக்கு எழுது. உன் கையெழுத்தை இன்னும் மறந்திருக்கமாட்டாள். நான் பக்கத்தில் இருந்து வாசிக்க உதவுவேன். நீயும் பிழை செய்யவில்லை, றோசும் பிழை செய்யவில்லை. றோசின் பிள்ளைகள் உன்னை அப்பா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தால், அந்தக் குழந்தைகளுக்கும் என் ஆசி.

உன் நன்மையையே வேண்டும்,
ஆழ்வாப்பிள்ளை அண்ணை.