நானூறு கண்டெய்னரும் ஒரு ஜோடி சாக்ஸும்

ஜெமி அப்பா,

நாசரேத்தில் நடக்கும் ஆசிரியர் பயிற்சிக்குப் போகிறேன். நாளை சாயங்காலம்தான் வருவேன். வகுப்பில் ஃபோன் எடுக்க மாட்டேன். மாவும் மீன்குழம்பும் ஃப்ரிட்ஜில் இருக்கின்றன. சாவி எதிர்வீட்டு விக்டோரியா அக்காவிடம் இருக்கிறது.

துறைமுகத்தில் நானூறு கண்டெய்னரில் எது எந்தக் கப்பலுக்கு என்று பார்க்காமலே சொல்லுவீர்கள். ஜெமியின் சாக்ஸ் எந்த அலமாரியில் இருக்கிறது என்று மட்டும் இத்தனை வருஷத்தில் தெரியவில்லை. நேற்று பிள்ளை ஈரச் சாக்ஸோடு பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். கேட்டால், "நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எடுத்துக் குடுத்திருப்பேம்லா" என்கிறீர்கள். எதை எப்போது உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைவில் வைத்திருப்பதும் என் வேலைதானா?

அதனால் இன்று ஒன்றும் சொல்லவில்லை. நாளை அவளுக்கு என்னென்ன வேண்டும் என்பது பள்ளி டைரியில் இருக்கிறது. டைரி எங்கே என்று அவளைக் கேளுங்கள். எட்டு வயதுதான், ஆனால் அவளுக்குத் தெரியும்.

விஜிலா

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: நாளை உங்கள் அம்மா பிறந்தநாள். வருஷா வருஷம் நான் சேலை எடுத்து உங்கள் பேரில் பெரியதாழைக்கு அனுப்புவேன். மாமி என்னையே ஃபோனில் கூப்பிட்டு, "ஏளா, எம் மவன் ஒண்ணையும் மறக்க மாட்டான் பாத்துக்கோ" என்பார்கள். இந்த வருஷம் நானும் மறந்துவிட்டேன்.