இரண்டு முறை விழுந்த சீட்டு

இன்று காலையும் என் கைப்பேசியில் அந்தக் கோயில் மணி அடித்தது. ஏரியில் எந்தப் படகு எங்கே வலை போடலாம் என்று சீட்டு விழுந்த செய்தி. அதற்குப் போய் மணியோசை வைத்தவன் நீ. ரசனை கெட்டவன்.

குடத்தில் சீட்டு எடுத்து, வலை போடும் இடம் யாருக்கு எது என்று பாடு ஒதுக்குவது நம் குப்பத்து வழக்கம். அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுகிறேன் என்று கிளம்பினாய். சீட்டு டேட்டாபேஸில் ஒரு டேபிளில் விழும். உடனே செய்தி டேபிளும் தானாக நிரம்ப வேண்டும். அதற்கு டிரிகர் என்று ஒரு சின்ன நிரல் எழுதடா என்றேன். "ஒரு வரி ரூல்ல முடியறதுக்கு டிரிகரா? உனுக்கு வேற வேல இல்ல?" என்று சிரித்தாய்.

டிரிகர், விழுந்த சீட்டைப் பார்த்து அதையே எழுதும். ரூல் சீட்டைப் பார்க்காது. சீட்டு எடுக்கும் கட்டளையையே இன்னொரு தரம் ஓட்டும்; வேறு பேர் விழும். அரிச்சுவடிப் பாடம் இது. நீ புரட்டியும் பார்க்கவில்லை. பெரிய மேதை என்று நினைப்பு.

முதல் சீட்டிலேயே மீனவர் சங்கத்துத் திரையில் வேறொருவர் பேர், செய்தியில் என் மாமா பேர். இறால் அதிகம் விழும் முகத்துவாரத்துக்கு இரண்டு படகும் போயின. மாமாவின் வலையை அந்தப் படகுக்காரர்கள் அறுத்துவிட்டார்கள். பாடு மீறினார் என்று அவர் படகைத் தொழிலுக்குப் போகவிடாமல் கரையேற்றி நிறுத்தினார்கள் ஊர்ப் பெரியவர்கள். அடுத்தவன் இடத்தை ஏறெடுத்தும் பார்க்காத மனிதர், ஊருக்கு முன்னால் திருடனைப்போல் தலைகுனிந்து நின்றார். நீ என்ன சொன்னாய்? "ரேண்டம்னா அப்டித்தான் மச்சான். இன்னா இப்போ?"

அன்றே உன்னை அறைந்திருக்க வேண்டும். அதற்குள் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தாய். பிழையை ஒப்புக்கொள்ளாமல் நழுவுவதில் எப்போதுமே கெட்டிக்காரன்.

உன் காரியம் முடிந்ததும் ரூலை நிறுத்திவிட்டு டிரிகர் எழுதினேன். பெரியவர்களிடம் இரண்டு டேபிளையும் திறந்து காட்டினேன். மெஷின் கோளாறு என்று மட்டும் சொன்னேன். செத்தவனை ஊர் கூடித் திட்டுவதைக் கேட்க எனக்குத் திராணி இல்லை. மாமாவின் படகு மறுபடி தண்ணீரில் இறங்கியது.

இன்றைய செய்தி வந்த கையோடு மாமா கூப்பிட்டார். "முகத்துவாரம் நம்முளுக்குத்தான்டா! உன் கூட்டாளி இன்னா மூளக்காரன்! எப்டி செஞ்சி வச்சிட்டுப் போயிக்கிறான் பாரு!"

"ஆமா மாமா" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

உன் அந்த ஒற்றை வரியை நான் அழிக்கவில்லை. ஓடாமல் நிறுத்தி, அங்கேயே விட்டுவைத்திருக்கிறேன். அவ்வப்போது திறந்து பார்த்துத் திட்டிக்கொள்கிறேன். திட்டுவதற்கு உன்னுடையது என்று எனக்கு வேறு என்ன மிச்சம் இருக்கிறது, மடையா.